கொழுப்பு எதனால் ஆனது? நீளச் சங்கிலியும் ஒரு வளைவும்

கொழுப்பு என்று எடுத்தாலே பேச்சு பெரும்பாலும் உடல் எடைக்கோ ரத்தப் பரிசோதனை அறிக்கைக்கோ போய்விடுகிறது. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பொருள் எதனால் ஆனது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். வேதியியலைப் பள்ளியோடு விட்டுவிட்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கார்பன் அணு நான்கு பிணைப்புகள் வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் இரண்டு, ஹைட்ரஜன் ஒன்று என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும், மீதியைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பம். புரதம் என்றால் என்ன என்று கேட்டால், அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி என்று சொல்லிவிடலாம். மாவுச்சத்து என்றால் சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்தது. கொழுப்பையும் உள்ளடக்கிய கூட்டத்துக்கு லிப்பிடு என்று பெயர், அது என்ன என்று கேட்டால் அப்படி ஒரு வரியில் பதில் கிடைக்காது. சமையல் எண்ணெய், தேன்மெழுகு, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு, கொலஸ்ட்ரால், வைட்டமின் ஏ எல்லாமே லிப்பிடுகள்தான், ஆனால் அவற்றின் மூலக்கூறுகளைத் தாளில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவு இருப்பதாகவே தெரியாது. தண்ணீரில் கரையாது, ஈதர், குளோரோஃபார்ம், ஹெக்சேன் மாதிரியான கரைப்பான்களில் கரையும் என்ற நடத்தையை வைத்துத்தான் இவற்றை ஒரே கூட்டமாகச் சேர்த்தார்கள். ஆய்வகத்தில் இன்றைக்கும் ஒரு திசுவிலிருந்து லிப்பிடை எடுக்க வேண்டுமென்றால் குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து ஊற்றிக் கலக்கி, குளோரோஃபார்மில் எது இறங்கி வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். நாம் பேச்சு வழக்கில் கொழுப்பு என்று சொல்வது இந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு கிளை மட்டுமே.

தண்ணீரில் ஏன் கரைவதில்லை? தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கும் பக்கம் லேசாக எதிர்மின், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் லேசாக நேர்மின். அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. உப்பு, சர்க்கரை போன்றவற்றில் மின்சுமையோ அதுபோன்ற முனைகளோ இருப்பதால் அவற்றையும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பில் எலக்ட்ரான் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படுவதால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது, விரட்டுகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள், அது சரியில்லை. எண்ணெய் எதையும் விரட்டுவதில்லை. தண்ணீர் தன் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து நிற்கிறது, இடையில் மாட்டிய எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் இனி வரப்போவதில் பாதி தானாகவே புரியும்.

சரி, கொழுப்பு அமிலத்துக்கு வருவோம். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் நன்றாகப் படித்தால் போதும் என்பது என் கருத்து. கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீளச் சங்கிலி, ஒவ்வொரு கார்பனிலும் ஹைட்ரஜன்கள், ஒரு முனையில் மட்டும் கார்பாக்சில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அமிலத் தலை. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலைத் தண்ணீர் கண்டுகொள்ளாது. ஸ்டீரிக் அமிலத்தில் மொத்தம் 18 கார்பன், 36 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். பால்மிடிக் அமிலத்தில் 16 கார்பன், லாரிக் அமிலத்தில் 12, வெண்ணெயில் இருக்கும் பியூட்டிரிக் அமிலத்தில் வெறும் 4. எல்லாம் இரட்டைப்படையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உயிரினங்கள் இந்தச் சங்கிலியைக் கட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இரண்டு கார்பனாகச் சேர்த்துக்கொண்டு போவதுதான் காரணம். ஒற்றைப்படைச் சங்கிலிகளும் இருக்கின்றன, பால் கொழுப்பில்கூடக் கொஞ்சம் உண்டு, ஆனால் அரிது.

கட்டமைப்பில் அடுத்த கேள்வி, அந்தச் சங்கிலியில் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே இருப்பது ஒற்றைப் பிணைப்பு மட்டுமா, எங்காவது இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்பது. எல்லாமே ஒற்றை என்றால் ஒவ்வொரு கார்பனும் தன்னால் முடிந்த அளவு ஹைட்ரஜனை வைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் நிறைவுற்ற கொழுப்பு அமிலம். எங்காவது இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் குறையும், அது நிறைவுறாத கொழுப்பு அமிலம். ஸ்டீரிக் அமிலத்தின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் மிக அதிகமாக இருப்பது இதுதான். இரண்டு வந்தால் லினோலியிக், மூன்று வந்தால் லினோலெனிக். சுருக்கமாக 18:0, 18:1, 18:2, 18:3 என்று எழுதுவார்கள், முதல் எண் கார்பன், இரண்டாவது எண் இரட்டைப் பிணைப்பு.

இரண்டு ஹைட்ரஜன் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று தோன்றலாம். இந்த எண்களைப் பாருங்கள். ஸ்டீரிக் அமிலம் ஏறக்குறைய 69 டிகிரி செல்சியஸில் உருகும். ஒலியிக் அமிலம் 13 அல்லது 14 டிகிரியிலேயே உருகிவிடும். லினோலியிக் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியில், லினோலெனிக் இன்னும் கீழே 11 டிகிரியில். எடை ஏறக்குறைய அதேதான், நீளமும் அதேதான், வடிவம் மட்டும் வேறு. இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பைப் போலச் சுழலாது, விறைப்பாக நிற்கும். அதன் இரு பக்கமும் இருக்கும் ஹைட்ரஜன்கள் இரண்டும் ஒரே பக்கமாக அமைந்தால் அதற்கு சிஸ் அமைப்பு என்று பெயர், இயற்கையில் பெரும்பாலும் காண்பது அதுதான், அந்த இடத்தில் சங்கிலி மடங்கி வளைந்துவிடும். நேரான விறகுகளை அடுக்கிக் கட்டினால் கட்டு இறுக்கமாக நிற்கும், கோணல்மாணலான சுள்ளிகளைக் கட்டினால் நடுவே சந்து விழுந்து கட்டு தளர்ந்துபோகும். நிறைவுற்ற சங்கிலிகள் நெருக்கமாகப் படிந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் பிரிக்க அதிக வெப்பம் தேவை, அதனால் அறை வெப்பத்தில் திடமாக இருக்கின்றன. வளைந்தவை நெருங்கி நிற்க முடியாது, ஆகவே திரவம். கெட்டிக் கொழுப்புக்கும் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தின் அடிப்படை இதுவே.

வளைவு மட்டும் இல்லை, நீளமும் உருகுநிலையைத் தீர்மானிக்கும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள், அந்தக் கணக்கில் அது கல்லுப் போல உறைந்து கிடக்க வேண்டும், ஆனால் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடுகிறது. ஏனென்றால் அதில் பாதிக்கு அருகில் லாரிக் அமிலம், 12 கார்பன்தான். சங்கிலி குட்டையாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள இடம் குறைவு. அதனால் "நிறைவுற்றது என்றால் கெட்டி, நிறைவுறாதது என்றால் எண்ணெய்" என்ற பொது விதியைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே சொல்ல வேண்டும்.

இனி டிரான்ஸ் கொழுப்பு. அந்த இரண்டு ஹைட்ரஜன்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தால் டிரான்ஸ். இரட்டைப் பிணைப்பு இருக்கும், ஆனால் பெரிய வளைவு இருக்காது, சங்கிலி கிட்டத்தட்ட நேராக நிற்கும். ஒலியிக் அமிலத்தின் டிரான்ஸ் வடிவத்துக்கு எலாய்டிக் அமிலம் என்று பெயர், அணு எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை, உருகுநிலை மட்டும் 14 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு அருகில் தாவிவிடும். பெயரளவில் நிறைவுறாதது, நடத்தையில் நிறைவுற்றது மாதிரி.

இது எங்கிருந்து உணவுக்குள் வந்தது என்பது ஒரு தொழிற்சாலைக் கதை. நிக்கல் உலோகத்தை வினையூக்கியாக வைத்து இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றலாம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காட்டினார், அதற்காக 1912இல் நோபல் பரிசும் பெற்றார். ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் நார்மன் அதே வழியைத் திரவ எண்ணெய்களுக்குப் பயன்படுத்தி 1902இல் காப்புரிமை வாங்கினார். மலிவான எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக மாற்ற வழி கிடைத்ததும் தொழில் பெரிதாக வளர்ந்தது. இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா இரட்டைப் பிணைப்பிலும் முழுக்க ஹைட்ரஜனை ஏற்றிவிட்டால் டிரான்ஸ் எதுவும் மிஞ்சாது, எல்லாம் நிறைவுற்ற சங்கிலியாகிவிடும். வேலையை நடுவிலேயே நிறுத்தும்போதுதான் சிக்கல். நிக்கல் பரப்பில் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிவிட்டுத் திரும்பக் கழன்று போகும்போது இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகிறது, அப்போது சிஸ்ஸை விடச் சற்று நிலையான டிரான்ஸ் வடிவத்தில் பலவும் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ஆகவே "ஹைட்ரஜன் ஏற்றியது" என்பதைவிடப் "பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றியது" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்களில் எல்.டி.எல். வகையின் அளவை டிரான்ஸ் கொழுப்பு ஏற்றி எச்.டி.எல். வகையின் அளவைக் குறைக்கிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள், தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் உலக உணவிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அழைப்பு விடுத்தது. அசைபோடும் விலங்குகளின் பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாகவே கொஞ்சம் டிரான்ஸ் உண்டு, அவற்றின் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலை அது.

ஒமேகா 3, ஒமேகா 6 பற்றிச் சுருக்கமாக. அமிலத் தலையிலிருந்து எண்ணாமல் வால் நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கார்பனில் வருகிறதா, ஆறாவதில் வருகிறதா என்பதுதான் அந்த எண். நம் உடலால் தலைப் பக்கத்திலிருந்து ஒன்பதாவது கார்பன் வரைக்கும் இரட்டைப் பிணைப்பு போட முடியும், அதற்கு அப்பால் வால் பக்கமாகப் போட நம்மிடம் நொதி இல்லை. அதனால் லினோலியிக், ஆல்ஃபா லினோலெனிக் ஆகிய இரண்டையும் உணவில்தான் பெற்றாக வேண்டும். ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி 1929இல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் தோல் செதில் செதிலாகி வளர்ச்சி நின்றது, கொஞ்சம் கொழுப்புச் சேர்த்ததும் தேறின. கொழுப்பு வெறும் எரிபொருள் என்று அதுவரை இருந்த எண்ணம் அதோடு மாறியது.

இனி கொழுப்பு என்று நாம் உண்மையில் சொல்லும் பொருள், டிரைகிளிசரைடு. கொழுப்பு அமிலங்கள் உடலிலும் எண்ணெயிலும் தனியாக அலைவது மிகக் குறைவு, பெரும்பாலும் மூன்று மூன்றாகக் கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் கட்டப்பட்டிருக்கும். கிளிசராலில் மூன்று கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். கொழுப்பு அமிலத்தின் தலை இந்த ஹைட்ராக்சிலோடு சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி எஸ்டர் பிணைப்பு உண்டாகிறது. மூன்று அமிலம், மூன்று எஸ்டர், வெளியே போவது மூன்று தண்ணீர். தண்ணீருக்குப் பிடித்த தலைகள் மூன்றும் இப்படிக் கட்டுண்டு போனதால் மிச்சம் இருப்பது ஏறக்குறைய முழுக்க வால்தான், எண்ணெய் தண்ணீரில் கரையாமல் அப்படியே கிடப்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் புரிதலுக்கு அடித்தளம் போட்டவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர். விலங்குக் கொழுப்புகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுகள் 1823இல் நூலாக வந்தன. அதுவரை கொழுப்பு என்பதை ஒரே பொருளாகத்தான் நினைத்தார்கள். சோப்பைப் பிரித்துப் பார்த்து, அதில் அமிலங்கள் இருக்கின்றன, அவை பல வகை, கொழுப்பு என்பது அந்த அமிலங்களும் கிளிசராலும் சேர்ந்தது என்று நிறுவியவர் அவர். 1786இல் பிறந்து 1889 வரை வாழ்ந்தார். 102 வயது. கொழுப்பை ஆராய்ந்தவருக்கு நல்ல ஆயுள்தான்.

ஒரே மூலக்கூறில் மூன்று இடத்திலும் ஒரே அமிலம் இருக்க வேண்டும் என்று இல்லை. ஓர் இடத்தில் பால்மிடிக், இன்னொன்றில் ஒலியிக், மூன்றாவதில் லினோலியிக் என்று கலந்தே இருக்கும், அப்படிப் பல நூறு கலவைகள் ஒரு துளி எண்ணெயில் உண்டு. வெண்ணெய் பனிக்கட்டியைப் போலக் குறிப்பிட்ட ஒரே வெப்பத்தில் உருகாமல் மெல்ல மெல்லக் குழைவது இதனால்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், "நிறைவுற்ற கொழுப்பு" என்று தனியாக ஓர் உணவு கிடையாது. எந்த எண்ணெயும் எந்தக் கொழுப்பும் இரண்டு வகையும் கலந்ததே, விகிதம் மட்டும் மாறும்.

ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோ கலோரி, சர்க்கரையிலோ மாவுச்சத்திலோ 4 என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். எரிவது என்றால் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்வது. சர்க்கரையில் ஒவ்வொரு கார்பனோடும் ஏற்கெனவே ஓர் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது, பாதி எரிந்த விறகுதான் அது. கொழுப்புச் சங்கிலியில் ஆக்சிஜனே கிட்டத்தட்ட இல்லை, ஆரம்பத்திலிருந்து எரிக்கலாம். அதோடு கொழுப்பு தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரோடுதான் இருக்கும். பத்துக் கிலோ கொழுப்பில் இருக்கும் ஆற்றலைக் கிளைக்கோஜனாக வைத்திருக்க வேண்டுமென்றால், நீரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அறுபது கிலோவைத் தாண்டும். நடமாடும் விலங்குகள் கொழுப்பைத் தேர்ந்தெடுத்தது நியாயமே.

கொழுப்பு எரிந்தால் தண்ணீரும் வரும், எடைக்கு எடை பார்த்தால் எரிந்த கொழுப்பைவிட வரும் தண்ணீர் அதிகம். ஸ்டீரிக் அமிலம் மூன்று சேர்ந்த டிரைகிளிசரைடு 891 கிராம் எரிந்தால் 990 கிராம் தண்ணீர் கிடைக்கும், ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்து சேர்வதால் இந்தக் கூடுதல். இதை வைத்து ஒட்டகத் திமில் தண்ணீர்த் தொட்டி என்று சிலர் சொல்வார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு என்பது சரி, ஆனால் அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜனுக்காக மூச்சு வாங்கும்போது நுரையீரல் வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும், மிச்சம் எதுவும் பெரிதாக நிற்காது. திமில் உணவுச் சேமிப்புத்தான்.

எஸ்டர் பிணைப்பைக் கட்டியது போலவே உடைக்கவும் செய்யலாம். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வலுவான காரத்தோடு கொழுப்பைச் சூடாக்கினால் கிளிசரால் ஒரு பக்கமும் கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு இன்னொரு பக்கமும் பிரியும். அந்த உப்புதான் சோப்பு. தலையில் இப்போது முழு மின்சுமை, அதனால் தண்ணீருக்கு இன்னும் பிடித்தம், வால் மட்டும் பழைய எண்ணெய் வால். அழுக்கு எண்ணெயை நடுவில் வைத்து வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாகச் சூழ்ந்துகொண்டு தண்ணீரோடு போய்விடுகின்றன. நம் குடலில் இதே வேலையைக் காரம் இல்லாமல் நொதி செய்கிறது. பித்த உப்புகள் கொழுப்பைச் சிறு சிறு துளியாக உடைத்துக் கொடுக்க, கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் வெளிப்புறம் இருக்கும் இரண்டு அமிலங்களை மட்டும் வெட்டி எடுக்கும். உள்ளே போனதும் குடல் செல் மறுபடி எல்லாவற்றையும் சேர்த்து டிரைகிளிசரைடாகக் கட்டிவிடும். வெட்டியதை ஏன் திரும்ப ஒட்டுகிறது என்றால், முழு மூலக்கூறு செல்லின் சவ்வைத் தாண்ட முடியாது, துண்டுகள் தாண்டும்.

எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் வேதியியலே, அது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, எஸ்டர் உடைந்து குட்டை அமிலங்கள் வெளியே வருவது, கெட்ட வெண்ணெயின் நாற்றத்துக்குப் பியூட்டிரிக் அமிலம் காரணம். இன்னொன்று ஆக்சிஜன் தாக்குவது. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனின் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும், அங்கே ஆக்சிஜன் நுழைந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர் வினையாகப் பரவும். ஆகவே இரட்டைப் பிணைப்பு அதிகமாக அதிகமாக எண்ணெய் சீக்கிரம் கெடும். ஆளி விதை எண்ணெயில் மூன்று இரட்டைப் பிணைப்புள்ள சங்கிலிகள் மிக அதிகம், மரத்தில் பூசினால் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கெட்டியான படலமாகிவிடும், ஓவியர்களின் எண்ணெய் வண்ணம் காய்வதும் இப்படித்தான், ஆவியாகி அல்ல. இந்த வினையில் வெப்பம் வரும். அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம், விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதுவரை பார்த்தது சேமிப்பு. உயிருக்கு அதைவிட அவசியமான வேலை சவ்வு கட்டுவது, எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். கிளிசராலில் மூன்று அமிலத்துக்குப் பதிலாக இரண்டு மட்டும் கட்டி, மூன்றாவது இடத்தில் பாஸ்பேட்டும் அதோடு கோலின் போன்ற ஒரு சிறு மூலக்கூறும் வைத்தால் பாஸ்போலிப்பிடு. தண்ணீருக்குப் பிடித்த பெரிய தலை ஒன்று, வால் இரண்டு. இதைத் தண்ணீரில் போட்டால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு அடுக்காக அமைந்துகொள்ளும், வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி, தலைகள் இரு வெளிப்புறமும் தண்ணீரைப் பார்த்தபடி. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருப்பது இந்த இரட்டை அடுக்குத்தான், மொத்தத் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு மெல்லியதை எப்படி அளந்தார்கள்? ஒரு குளத்திலிருந்து தொடங்குகிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் கிளாஃபம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார், அது ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி அலையை அடக்கிவிட்டது என்று 1774இல் வெளியான கட்டுரையில் எழுதினார். அவர் மேற்கொண்டு கணக்குப் போடவில்லை, நாம் போடலாம். 5 மில்லிலிட்டரை 2000 சதுர மீட்டரால் வகுத்தால் இரண்டரை நானோமீட்டர், ஒரே ஒரு மூலக்கூறின் நீளம். நூறாண்டுக்குப் பிறகு ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகம் எதிலும் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர், வீட்டுச் சமையலறையில் ஒரு தொட்டி செய்து தண்ணீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலத்தை அளந்தார், அவர் எழுதிய கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வந்தது. அந்தத் தொட்டி முறையை வைத்து இர்விங் லாங்முயர் 1917இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். 16 கார்பன், 18 கார்பன், 26 கார்பன் என்று நீளம் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு கொழுப்பு அமில மூலக்கூறும் நீர்ப்பரப்பில் எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான். படுத்திருந்தால் நீளத்துக்கு ஏற்ப இடம் மாறியிருக்கும், மாறவில்லை, ஆகவே அவை தலையைத் தண்ணீரில் வைத்து நிமிர்ந்து நிற்கின்றன.

1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடை எடுத்து அதே போன்ற தொட்டியில் பரப்பிப் பார்த்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு பரப்புக்கு வந்தது, அப்படியென்றால் சவ்வு இரண்டு அடுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்கள் லிப்பிடு முழுவதையும் எடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள், இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடை வந்துவிட்டது.

சவ்வு ஒரு தகடு மாதிரி விறைத்து நிற்பதில்லை. ஒரு பாஸ்போலிப்பிடு தன் அடுக்குக்குள்ளேயே ஒரு விநாடியில் ஒரு பாக்டீரியாவின் நீளத்துக்கு நகர்ந்துவிடும், ஆனால் இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்குத் தானாகப் புரள வேண்டுமென்றால் மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும், தலை அந்த எண்ணெய் நடுப்பகுதியைத் தாண்ட வேண்டுமே. இந்தத் தளர்ச்சி சரியான அளவில் இருக்க வேண்டும். குளிரில் சவ்வு உறைந்துபோகக் கூடாது என்பதால் குளிர்நீர் மீன்களின் சவ்வில் வளைந்த சங்கிலிகள் அதிகம். பாக்டீரியாவைக் குளிரான இடத்தில் வளர்த்தால் அதுவும் வளைந்த சங்கிலிகளைக் கூட்டிக்கொள்ளும். பனி மான்களின் கால்களில் உடலுக்கு அருகில் இருக்கும் கொழுப்பைவிடக் குளம்புப் பக்கம் இருக்கும் கொழுப்பில் நிறைவுறாத அமிலங்கள் கூடுதல், பனியில் நிற்பது அந்தப் பகுதிதானே.

மெழுகைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நீளமான கொழுப்பு அமிலம் ஒன்று, நீளமான ஆல்கஹால் ஒன்று, நடுவே ஓர் எஸ்டர். இரு பக்கமும் வாலாகிவிட்டதால் தண்ணீர் அண்டாது, இலையின் மேல் பூச்சாகவும் தேன்கூட்டின் சுவராகவும் பயன்படுகிறது. கடையில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதில் எஸ்டர் கிடையாது, வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்.

அப்புறம் கொலஸ்ட்ரால். இதில் நீளச் சங்கிலி இல்லை. கார்பன் வளையங்கள் நான்கு ஒட்டி நிற்கும், மூன்று அறுகோணம், ஒரு ஐங்கோணம், ஒரு சிறிய வால், எதிர் முனையில் ஒரே ஒரு ஹைட்ராக்சில். மொத்தம் 27 கார்பன். சவ்வுக்குள் பாஸ்போலிப்பிடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, வெப்பம் கூடினால் அவற்றை அதிகம் ஆடவிடாமல் பிடிக்கும், குளிர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தடுக்கும். உடல் இதே வளையங்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பித்த உப்புகளையும் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்டிசால் போன்ற ஹார்மோன்களையும் செய்கிறது. கொலஸ்ட்ராலுக்கு முந்தைய படியில் இருக்கும் ஒரு மூலக்கூறின் வளையம் ஒன்றை வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் உடைத்தால் வைட்டமின் டி.

நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒன்றுதான், நல்லது ஒன்று கெட்டது ஒன்று என்று இரண்டு கிடையாது. ரத்தம் தண்ணீர்த்தன்மை உள்ளது, இது அதில் கரையாது, அதனால் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஓர் எல்.டி.எல். துகளை எடுத்துக்கொண்டால், நடுவில் கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் சுமார் 1500, வெளியே பாஸ்போலிப்பிடு ஒற்றை அடுக்கு, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய புரதம். எச்.டி.எல். என்பது இதைவிடச் சிறிய, புரதம் அதிகமுள்ள வேறொரு பொட்டலம். பரிசோதனை அறிக்கையில் இருப்பது எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு போகிறது என்ற கணக்கு.

கொலஸ்ட்ராலை உடல் கட்டும் வழியில் ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் துண்டு வருகிறது. இந்தத் துண்டுகளை விதவிதமாகக் கோத்தால் பூக்களின் வாசனைப் பொருள்கள், கேரட்டின் ஆரஞ்சு நிறம், வைட்டமின் ஏ, வைட்டமின் இ மற்றும் கேயின் வால் எல்லாம் கிடைக்கும், ஆகவே இவையும் லிப்பிடுக் கணக்கில் சேர்கின்றன. கொழுப்பு அமிலமே இல்லாமல் இதே துண்டுகளை வைத்துச் சவ்வு கட்டும் உயிர்களும் உண்டு. வெந்நீர் ஊற்றுகளிலும் கடலிலும் வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் சவ்வில் கிளைவிட்ட ஐசோப்ரீன் சங்கிலிகள்தான், அவை கிளிசராலோடு சேர்வதும் எஸ்டரால் அல்ல, ஈதர் பிணைப்பால், அதாவது இரண்டு கார்பனுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் மட்டும். ஈதர் பிணைப்பைக் காரம் உடைக்காது, இதிலிருந்து சோப்புச் செய்ய முடியாது. சில வகைகளில் இரு அடுக்கின் வால்களும் ஒட்டி ஒரே மூலக்கூறாகிச் சவ்வின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீளும். சுற்றியுள்ள நீர் சூடாக இருந்தால் அந்த நீளச் சங்கிலிக்குள் ஐந்தைந்து கார்பன் கொண்ட வளையங்களை அதிகமாகப் போட்டு இறுக்கிக்கொள்கின்றன, குளிர்ந்தால் குறைத்துக்கொள்கின்றன. இவை எளிதில் சிதையாதவை என்பதால் கடலடிச் சேற்றில் பல மில்லியன் ஆண்டுகளாக அப்படியே கிடக்கின்றன, அந்த வளையங்களை எண்ணி அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு வெப்பமாக இருந்தது என்று இன்று கணக்கிடுகிறார்கள்.